தெய்வப் பாத்திரம்: பலத்தை எழுதும் முன் கட்டை எழுதுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து லிந்தாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் நான்கு கூட்டாளிகளும் வாரக் கடைசியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டு அது. இவர்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவர். கூட்டாளிகளின் பாத்திரங்கள் நான்கும் 20-ஆம் லெவலைத் தொட்டுவிட்டன. அதற்கு மேல் புத்தகத்தில் லெவல் இல்லை. "இனி சாமியாகவே ஆடலாம்" என்று அவர்கள் கேட்க, இவரும் ஆளுக்கு ஆயிரம் ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப் புள்ளி), நினைத்ததெல்லாம் நடக்கும் சக்தி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் ஆட்டத்திலேயே சுவாரசியம் செத்துவிட்டதாம். "எதிரி யார், பகடை எதற்கு என்றே தெரியவில்லை அக்கா. நம்ம முனீஸ்வரனையே பாத்திரமாக வைத்தால் உயிர் வரும் என்று நினைத்தேன். அம்மா திட்டுகிறார். என்ன செய்வது?"

தம்பி, தெய்வமாகத் தாராளமாக ஆடலாம். இந்த வகை விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். ஆனால் தெய்வத்தின் பலத்தை எழுதுவதற்கு முன்னால் அதன் கட்டுகளை எழுத வேண்டும். அது எதுவரை போகலாம், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது, எதைச் செய்யவே கூடாது, யாரிடம் எதை வாங்கி வாழ்கிறது. இந்த நான்கும் தாளில் இருந்தால் எதிரி தானாக வருவான், பகடைக்கும் வேலை வரும். முனீஸ்வரன் விஷயத்தில் நான் உங்கள் அம்மா பக்கம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஹிட் பாயிண்ட்டில் தொடங்கியது நீங்கள் மட்டும் இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-இல் வந்தது. 1976-லேயே தெய்வங்களுக்கென்று ஒரு துணைப் புத்தகம் வந்துவிட்டது. அதில் வடநாட்டு ஐரோப்பியப் புராணத்தின் தலைமைக் கடவுள் ஓடினுக்கு 300 ஹிட் பாயிண்ட். லெவலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த கேம் மாஸ்டர்களுக்குப் புத்தி சொல்லத்தான் அந்த எண். ஓடினுக்கே 300 என்றால் உங்கள் 44-ஆம் லெவல் வீரனை யார் பொருட்டாக நினைப்பார்கள் என்று முன்னுரையிலேயே கேட்டிருந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு எண் கண்ணில் பட்டதும் அதைப் பூஜ்யமாக்க ஆசைப்படுவது ஆட்டக்காரரின் இயல்பு. 1980-இல் வந்த பெரிய தொகுப்பில் இந்திரன், அக்னி, காளி எல்லாருக்கும் இப்படிக் கணக்குப் போட்டு வைத்தார்கள். அடிப்பதற்கு அந்தக் கணக்கு உதவும். உள்ளே புகுந்து வாழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

தெய்வமாகவே ஆட முறையாக வழி வைத்தது 1986-இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய விதிகள். அந்த வரிசையில் மனிதனுக்கு 36 லெவல். அதைத் தாண்டினால் அமரர். பொருள், ஆற்றல், காலம், எண்ணம், அழிவு என்று ஐந்து வட்டங்கள், ஒவ்வொரு அமரரும் ஒன்றைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினை நல்ல யோசனை. விதிகள் கனமானவை, இன்று அதை எடுத்து ஆடச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது குளோரந்தா. கிரெக் ஸ்டாஃபர்ட் படைத்த உலகம். 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் விளையாட்டு அதில்தான் நடக்கிறது. அங்கே தெய்வங்கள் போரிட்டு உலகத்தையே கிட்டத்தட்ட முடித்துவிட்டன. மிஞ்சியதைக் காப்பாற்ற ஓர் உடன்பாடு செய்துகொண்டன: இனி காலத்துக்குள் நேரடியாகக் கை வைப்பதில்லை. அதற்குப் பிறகு எந்தத் தெய்வமும் தன்னைக் கும்பிடுகிறவர்கள் வழியாகத்தான் செயல்பட முடியும். இத்தனை பெரிய சக்தி, ஆனால் ஒரு குயவனின் கை வேண்டும், ஒரு கிழவியின் வாய் வேண்டும். இந்த ஒரு கட்டிலிருந்து அந்த உலகத்தின் பாதிக் கதைகள் முளைக்கின்றன.

இதையெல்லாம் அமெரிக்கப் புத்தகத்தில் தேடுவதற்கு முன்னால் நம் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். சுங்கை சிப்புட்டைச் சுற்றி உள்ள தோட்டங்களில் லயத்துக்கு நடுவே மாரியம்மன் இருப்பாள். காட்டு ஓரத்தில், மரத்தடியில், காவல் தெய்வம். அந்தக் காவலுக்கு ஓர் எல்லை உண்டு, எல்லையைத் தாண்டினால் வேறொருவர் காவல். சைவப் படையல் ஏற்கிறவர், கோழியும் சுருட்டும் கேட்கிறவர் என்று பிரிவு உண்டு. பால்மரம் வெட்ட விடியற்காலை இருட்டில் போகிறவர்கள் ஒரு சூடத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள் என்றால், அங்கே ஒரு பேச்சு நடந்திருக்கிறது: நான் இதைத் தருகிறேன், நீ பாம்பிலிருந்து காப்பாற்று. சொன்னதைச் செய்யாத மனிதனிடம் சாமி கேள்வி கேட்கும். சொன்னதைச் செய்யாத சாமியிடம் மனிதனும் கேட்பான். "உனக்குக் கண் இல்லையா" என்று மாரியம்மனையே திட்டுகிற பாட்டிகள் நம்மிடம் உண்டு. இதைவிடச் சிறந்த விதிப்புத்தகம் எங்கே கிடைக்கும்?

நிலத்தையும் தெய்வத்தையும் சேர்த்து வைப்பது நமக்குப் பழைய வழக்கம். தொல்காப்பியம் முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று பிரித்துக் கொடுக்கிறது. நெருப்புத் தெய்வம், போர்த் தெய்வம் என்று ஆளுக்கொரு துறையை மட்டும் கொடுத்தால் நான்கு தெய்வங்களும் ஆளுக்கொரு மூலையில் இருந்துகொள்ளும், மோதவே மோதாது. நிலத்தைக் கொடுத்தால் பக்கத்து வீட்டுச் சண்டை உறுதி. ஆறு ஒருவருக்கு, அதன் கரை வயல் இன்னொருவருக்கு. வெள்ளம் வந்தால் இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டும்.

ஒரு மாதிரி செய்து காட்டுகிறேன். பெயர் மறுகரையான். உயிரோடு இருந்தபோது ஓடக்காரன். பெருவெள்ளத்தில் ஊரைக் கரை சேர்த்தான். கடைசி நடையில், கூலி தராமல் ஓடத்தைப் பிடுங்கிக்கொண்ட ஒரு பணக்காரனால் ஆற்றில் தள்ளப்பட்டுச் செத்தான். ஊர் அவனுக்குக் கல் நட்டது. அவனுடைய எல்லை ஆற்றுச் சத்தம் காதில் விழும் தூரம்: மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். அவன் கொடுத்த வாக்கு, கூலிக் காசு வைக்கிற எவரையும் கரை சேர்ப்பது. எவரையும் என்றால் கொலைகாரனையும்தான். செய்யக்கூடாதது, கூலி வாங்காமல் ஒரு துரும்பைக்கூடக் கடத்துவது. உணவு, முதல் மீனும் ஒரு காசும்.

இப்போது அந்த நாட்டு ராஜா அங்கே ஒரு கல் பாலம் கட்டுகிறார். மறுகரையானுக்கு என்ன பலம் என்று நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குக் கதை தெரிய ஆரம்பித்துவிட்டது இல்லையா? பாலத்தை இடித்தால் ஊர் அவனை வெறுக்கும். விட்டுவிட்டால் காசு வராது, பசி. பாலத்துக்கே தெய்வமாகிவிடலாமா? அதற்குப் பாலம் கட்டிய கொத்தனார்களின் தெய்வம் சம்மதிக்க வேண்டும். அந்தத் தெய்வம் உங்கள் மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி.

மறுகரையானை நான் செத்தவனாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் நாட்டார் தெய்வங்களில் பல பேர் மனிதராகப் பிறந்து அநியாயமாக மாண்டவர்கள். மதுரை வீரன் கதையும் காத்தவராயன் கதையும் அப்படித்தான் போகின்றன. உங்கள் 20-ஆம் லெவல் வீரர்களைத் தெய்வமாக்கும் வழியும் இதுதான். அனுபவப் புள்ளி சேர்ந்தது, அடுத்த நிலைக்கு ஏறினார்கள் என்று முடித்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள், யாரிடம் என்ன பாக்கி நிற்கிறது என்று கூட்டாளிகளையே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பாக்கிதான் தெய்வத்தின் குணம். பழைய கேரக்டர் ஷீட்டில் இருந்த வாள், மந்திரம், ஹிட் பாயிண்ட் எல்லாம் ஊர்க்காரர் பாடும் கதையில் இருக்கட்டும், புதுத் தாளுக்கு வரக்கூடாது. ஒரே ஒரு பொருளை மட்டும் கொண்டுவரலாம் என்று அனுமதி கொடுங்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள், நிறையத் தெரியவரும்.

சரி, சக்தி எங்கிருந்து வருகிறது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில், கடமையை மறந்த தெய்வங்களை எல்லாவற்றுக்கும் மேலான ஏஓ என்ற கடவுள் பூமிக்குத் துரத்திவிடுகிறார். பிறகு, கும்பிடுகிறவர்களைப் பொறுத்தே இனி உங்கள் பலம் என்று விதி போடுகிறார். பல பேர் இதை அப்படியே எடுத்து, ஆயிரம் பக்தருக்கு ஒரு புள்ளி என்று கணக்கு வைக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆட்டம் வசூல் கணக்காகிவிடும். தெய்வங்கள் ஊர் ஊராக ஆள் பிடிக்க அலையும். இருபது குடும்பம் கும்பிடுகிற எல்லைச்சாமி அந்த இருபது குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆள் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால் தலையை எண்ணாமல் நேர்த்திக்கடனை எண்ணுங்கள் என்பேன்.

நான் பயன்படுத்துகிற முறை இது. மேசை நடுவில் புளியங்கொட்டை ஒரு கிண்ணம். யாராவது ஒரு பக்தர் தெய்வத்திடம் வேண்டிக்கொண்டால், என்ன கேட்டார், நிறைவேறினால் என்ன செய்வார் என்று ஒரு சீட்டில் எழுதுகிறோம். ஒரு ஆளின் வேண்டுதலுக்கு 1 கொட்டை, ஒரு குடும்பமே சேர்ந்து நேர்ந்துகொண்டால் 2, ஊரே பொங்கல் வைத்துக் கேட்டால் 3. தெய்வம் "சரி" என்று சொன்ன அந்த நிமிடமே கொட்டை கைக்கு வந்துவிடும், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். ஆனால் சீட்டு அதன் முன்னால் கிடக்கும். வேண்டியது நடந்து, பக்தர் நேர்த்திக்கடன் செலுத்தினால் அதே அளவு கொட்டை இன்னொரு தடவை கிடைக்கும். நடக்காமல் போனால் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திரும்ப வைக்க வேண்டும். வைக்க முடியாத தெய்வத்தின் எல்லை ஒரு பங்கு சுருங்கும்.

செலவும் எளிதுதான். எப்படியும் நடக்கக்கூடிய ஒன்றை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிட 1: நாளை வரும் மழையை இன்றே வரவழைப்பது, மாட்டை வீட்டுக்குத் திருப்பிவிடுவது. அரிதாக நடப்பதற்கு 3. நடக்கவே நடக்காததற்கு 6. தன் எல்லைக்குள் இந்த விலை, வெளியே இரட்டிப்பு. இன்னொரு தெய்வத்தின் எல்லைக்குள் என்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமலும் போகலாம், ஆனால் அந்தத் தெய்வம் உடனே அறிந்துகொள்ளும்.

பகடை எதற்கு என்று கேட்டீர்கள். வெற்றியா தோல்வியா என்று பார்க்க வேண்டாம். தெய்வம் நினைத்து, விலையும் கொடுத்துவிட்டால் அது நடக்கும். அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் பகடை சொல்ல வேண்டும். ஆறு முகப் பகடை இரண்டை உருட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காரியம் சுத்தமாக முடிந்தது. 7 முதல் 9 என்றால் முடிந்தது, ஆனால் எதிரே இருக்கும் தெய்வங்களில் ஒன்றுக்கு அதனால் ஒரு மனக்கசப்பு. 6 அல்லது குறைவு என்றால், நினைக்காத ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். இங்கே மழை பெய்தது, அடுத்த ஊர் காய்ந்தது. 36 வாய்ப்புகளில் 6-இல் மட்டும்தான் சுத்தமாக முடியும். வேண்டுமென்றே அப்படி வைத்தது. அந்த "நினைக்காத ஒருவர்" யார் என்று கேம் மாஸ்டர் சொல்லக்கூடாது; வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர் சொல்லட்டும். மேசையில் அமைதியாக இருப்பவர்கூட இந்த இடத்தில் வாயைத் திறப்பார்.

அச்சில் வந்த விதிகளே வேண்டும் என்றால் கெவின் கிராஃபர்ட் எழுதிய காட்பௌண்ட் நல்லது. 2016-இல் வந்தது. பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும். ஒவ்வொருவரும் மூன்று 'சொல்' எடுத்துக்கொள்கிறார்கள், கடல், மரணம், வாள் என்கிற மாதிரி. உலகத்தில் ஒரு மாற்றம் செய்ய வேண்டுமானால், அது எத்தனை பேரைத் தொடுகிறது, எவ்வளவு நம்பத்தகாதது என்று பார்த்து விலை. அந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சண்டைப் பகுதி உங்கள் கூட்டாளிகளுக்குப் பிடிக்கும்.

பகடையே இல்லாத ஆம்பர் என்ற விளையாட்டு 1991-இல் வந்தது. அதில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, திருடியாவது உங்கள் ஆட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆளுக்கு 100 புள்ளி. மனவலிமை, உடல்வலிமை, தாங்கும் சக்தி, போர்த்திறன் நான்கையும் ஏலம் விடுவார்கள். திருவிழா முடிந்து கோயிலில் எலுமிச்சம்பழம் ஏலம் விடும்போது மானத்துக்காகவே விலையை ஏற்றுவார்கள் பாருங்கள், அதே சூடு அங்கேயும் பிடிக்கும். போர்த்திறனில் முதலிடம் வாங்கியவரை நேருக்கு நேர் போரில் யாரும் வெல்ல முடியாது, அவ்வளவுதான். அப்படியானால் இரண்டாமவர் என்ன செய்வார்? சண்டையைப் போராக நடக்கவிடாமல் பேச்சாக, பந்தயமாக, பொறுமையாக மாற்றுவார். சிவனும் காளியும் தில்லையில் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொண்டது ஆட்டத்தில்தான். முருகனும் பிள்ளையாரும் மாம்பழத்துக்காக மோதியபோது, வேகத்தில் தோற்க வேண்டியவர் பந்தயத்தின் பொருளையே மாற்றிவிட்டார். தெய்வங்களின் மோதல் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எதிரிக்கும் இங்கேயே வழி இருக்கிறது. நம் புராணங்களில் பெரிய எதிரிகள் எல்லாம் தெய்வம் கொடுத்த வரத்தால் பெரியவர்கள் ஆனவர்கள். இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும், உள்ளும் வெளியும், பகலிலும் இரவிலும் சாவில்லை என்று கேட்டு வாங்கினான். கொடுத்த வரத்தை எந்தத் தெய்வமும் "தெரியாமல் கொடுத்துவிட்டேன்" என்று திரும்ப வாங்கவில்லை. வாசற்படியில், அந்தி நேரத்தில், இரண்டும் கலந்த வடிவத்தில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். இராவணனோ மனிதனைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இதை விதியாக்குங்கள்: முதல் ஆட்டத்தில் நான்கு தெய்வங்களும் ஆளுக்கொரு வரத்தை, எழுத்தில், ஒரு மனிதனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஐந்தாவது ஆட்டத்தில் அந்த நான்கு வரங்களில் ஒன்று கொடுங்கோலனாக வளர்ந்து நிற்கட்டும். தாளில் எழுதிய சொற்களை வைத்துக்கொண்டு நான்கு பேரும் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை எதிரிக்கு முகம் கிடையாது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். தெய்வத்தின் எல்லை விற்கப்படுவது. நாம் பார்த்த வரலாறுதானே இது. தோட்டம் கைமாறும், பால்மரம் போய்ச் செம்பனை வரும், செம்பனையும் போய் வீடமைப்பு வரும். லயத்துக் குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பிரிந்து போவார்கள். கோயில் மட்டும் நடுவில் நிற்கும். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பேச்சு நடக்கும். காவல் காத்த நிலமே இல்லாத காவல் தெய்வம் யார்? கும்பிடுகிறவர்களோடு போகுமா, மண்ணோடு நிற்குமா? கற்பனை உலகத்தில் பெயர்களை மாற்றி இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். விடையையும் நம் ஊரே ஒரு தடவை சொல்லியிருக்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையில் பங்குப் பணம் கட்டி, தாங்கள் வேலை செய்த மாதிரியான தோட்டங்களையே வாங்கினார்கள். ஆட்டத்தில் இது எவ்வளவு நல்ல முடிச்சு தெரியுமா! தெய்வத்தால் நிலம் வாங்க முடியாது, அதற்குப் பணம் கிடையாது. ஊர்தான் வாங்க வேண்டும். தெய்வம் கனவில் வரலாம், வசூல் நாளில் மழையைத் தள்ளி வைக்கலாம், பணப்பெட்டியில் கை வைக்கிறவனுக்குக் காய்ச்சல் கொடுக்கலாம். அவ்வளவுதான். ஹிட் பாயிண்ட் ஆயிரம் இருந்தாலும் அங்கே அதற்கு வேலையே இல்லை.

இதை ஆட, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு பாத்திரம் வேண்டும். ஒரு தெய்வம், கூடவே வேறொருவருடைய தெய்வத்தைக் கும்பிடுகிற ஒரு சாதாரண மனிதர். தன் தெய்வத்துக்குத் தானே பக்தராக இருக்கக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வாரம் தெய்வங்களின் ஆட்டம், அதில் ஒரு பருவமோ ஒரு வருடமோ ஓடிவிடும். அடுத்த வாரம் மனிதர்களின் ஆட்டம், ஒரே ஒரு நாள், ஒரு கல்யாணம், ஒரு வழக்கு. போன வாரம் அலட்சியமாக உருட்டிய பகடையால் காய்ந்துபோன வயலில் இந்த வாரம் நீங்களே நிற்பீர்கள்.

தெய்வம் மனிதரோடு பேசுவதையும் கட்டுப்படுத்துங்கள். கனவில் மூன்று சொல் மட்டும். சகுனம் என்றால் சொல்லே கிடையாது. முழுதாகப் பேச வேண்டுமானால் சாமியாடி வழியாகத்தான்: அப்போது அந்த மனிதரின் பாத்திரத்தைத் தெய்வத்தின் ஆட்டக்காரர் எடுத்துக்கொள்கிறார், ஆனால் உடம்பு மனித உடம்பு. அடித்தால் காயம் படும். அருள் இறங்கியதும் சோர்ந்து விழும். நடந்ததை அவரிடம் மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லும் காட்சியைத் தவிர்க்காமல் ஆடுங்கள். ஒவ்வொருவரும் கேட்டதை வேறு மாதிரி சொல்வார்கள், அடுத்த இரண்டு ஆட்டத்துக்குச் சண்டை தயார்.

இப்போது முனீஸ்வரன். கூத்தில் சாமி வேடம் கட்டுகிறார்கள், படத்தில் நடிக்கிறார்கள், நாம் ஆடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூத்தில் கதை எல்லாருக்கும் தெரியும், அது எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடியும். ரோல்பிளேயிங்கில் முடிவு யாருக்கும் தெரியாது. பகடை சரியாக விழாவிட்டால் தெய்வம் வாக்குத் தவறும், பயப்படும், கெஞ்சும், ஒருவேளை கேவலமாக நடந்துகொள்ளும். அந்தச் சுதந்திரம் இருந்தால்தான் ஆட்டம். முனீஸ்வரன் பெயரைத் தாளில் எழுதிவிட்டால் உங்கள் கூட்டாளிகளில் ஒருவராவது அந்தச் சுதந்திரத்தை எடுக்கத் துணிய மாட்டார். அவரை எதிர்க்கவும் துணிய மாட்டார், அவருக்குத் தவறு இழைக்கவும் விட மாட்டார். தெய்வத்தை மதிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும், அது குறை இல்லை. ஆனால் மேசையில் ஒரு பாத்திரம் யாரும் தொடாத பாத்திரமாகிவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது, அவர் உங்கள் நான்கு பேருக்கு மட்டும் சொந்தமானவர் இல்லை. அடுத்த அறையில் இருக்கும் உங்கள் அம்மா போன வெள்ளிக்கிழமை அவரிடம் ஏதோ மனமுருகக் கேட்டிருப்பார். அந்தக் கேட்பு முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2012-இல் ஸ்மைட் என்ற கணினி விளையாட்டில் காளியைப் போரிடும் பாத்திரமாக வைத்தபோது இந்து அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வேறு நாட்டு நிறுவனம் செய்தால் நமக்கு எங்கே வலிக்கிறதோ, அதே இடத்தில் நாமே கை வைக்க வேண்டாம். மற்றவர்கள் கும்பிடுகிற தெய்வங்களுக்கும் இதே மரியாதை. பக்கத்துக் கம்பத்து மலாய் நண்பரோ சீன நண்பரோ மேசையில் சேர்ந்தாலும் இந்த விதி மாறக்கூடாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது பெயரும் உருவமும் தவிர மற்றதெல்லாம். எல்லை, காவல், படையல், நேர்த்தி, அருள், கோபம், கேள்வி கேட்கும் உரிமை. பாண்டியன் கையில் பிரம்படி வாங்கிய சிவனையும், அவரோடு பாட்டில் குற்றம் கண்டு வாதாடிய நக்கீரரையும் கொண்டாடுகிறவர்கள் நாம். தெய்வத்தோடு மனிதர் எப்படிப் பேசலாம் என்பதற்கு நம்மிடம் இருக்கிற செல்வம் போதும், பெயர்களைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். காவல் தெய்வங்களைப் பற்றி நான்கு கேள்வி கேளுங்கள். மூன்று மாத ஆட்டத்துக்கு வேண்டிய விஷயம் அவரிடம் இருக்கும்.

முதல் ஆட்டத்துக்குப் பகடை வேண்டாம். பெரிய தாளில் ஓர் ஆறு வரையுங்கள், நான்கு பேரும் தங்கள் எல்லையை அதைச் சுற்றி வரையட்டும், இரண்டு இடத்திலாவது கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். பிறகு நான்கு கட்டுகள். நான்கு தெய்வம் என்றால் ஆறு இணை. ஒவ்வொரு இணைக்கும் ஒரு வரி: யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள், அல்லது எதை மன்னிக்கவில்லை. அப்புறம் ஆளுக்கொரு பக்தர், பெயரும் தொழிலும் மட்டும் போதும். வரத்தை எழுதி வாங்கி நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். நேரம் மிஞ்சினால் ஒரே ஒரு காட்சி: பக்தர்களில் ஒருவர், இருட்டும் நேரத்தில், தன் தெய்வத்தின் முன் வந்து நிற்கிறார், அந்தத் தெய்வத்தால் சுலபமாகக் கொடுக்க முடியாத ஒன்றைக் கேட்கிறார். கேட்பது என்ன என்று நீங்கள் தயாரிக்க வேண்டாம். அந்தப் பக்தரை ஆடுகிற கூட்டாளியே முடிவு செய்யட்டும்.